தோட்டத்தை விற்று வறுமையைப் படிக்கப் போகலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 21 வயது மாணவி ஒருவர் எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்கிறார். அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறார். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அப்பாவுக்கு 60 சென்ட் மல்லிகைத் தோட்டம். அம்மா விடிகாலை நாலு மணிக்கே பூப்பறிக்கப் போய்விடுவார். பூ மாட்டுத்தாவணியில் ஒரே கமிஷன் கடைக்குத்தான் போகும். அந்தக் கடைக்காரரிடம் அப்பா முன்பணம் வாங்கியிருக்கிறார். மூன்றாம் ஆண்டில் படித்த வளரும் நாடுகளின் பொருளாதாரம் இவரைப் பிடித்துக்கொண்டது. சில வீடுகளை விட்டு வறுமை போய்விடுகிறது, சில வீடுகளில் தங்கிவிடுகிறது, அது ஏன் என்று ஆயுசு முழுக்கப் படிக்க வேண்டும் என்கிறார்.

மதுரையில் உள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி ஏஜென்சி, பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி ஆய்வு முதுகலைக்கு இடம் வாங்கித் தந்திருக்கிறது. ஓராண்டுப் படிப்பு. எல்லாம் சேர்த்து 35 லட்சம். தோட்டத்தை விற்கலாம், இல்லையென்றால் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கலாம் என்பது ஏஜென்ட்டின் யோசனை. மூன்று வாரத்துக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடுமாம். அப்பா சம்மதித்துவிட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. சித்தப்பா மட்டும், "பி.எட். போ, இல்ல குரூப் ஃபோர் எழுது, வறுமையைப் படிச்சு யாரு சோறு போடுவா" என்கிறார். வீடு அப்பத்தா பேரில் இருக்கிறது.

கடைசியில் என்னிடம் இப்படிக் கேட்கிறார்: "அம்மா, கஷ்டப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான் கஷ்டத்தைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் போவது சரியா? இங்கேயே படித்தால் யாராவது மதிப்பார்களா? எனக்குக் கணக்கு வராது. வளர்ச்சி ஆய்வில் கணக்கு இல்லை என்று சொன்னதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். முடித்தால் ஐ.நா.வில் வேலை கிடைக்குமா?"

இனி, கடிதம் எழுதிய உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். ஏஜென்ட் வழியாக அல்லாமல், பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கே உங்கள் பெயரில் மின்னஞ்சல் எழுதுங்கள். இரண்டு கேள்வி போதும்: சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்க முடியுமா? விசா கிடைக்காவிட்டால் முன்பணம் எவ்வளவு திரும்பி வரும்? பதில் எழுத்தில் வரட்டும். ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலான ஏஜென்சிகளுக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் உண்டு. அது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் மூன்று வார அவசரம் உங்களுக்கா அவர்களுக்கா என்று யோசிக்க வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை அங்கே கொடுத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதனால் உங்கள் ஆசையை நான் தடுப்பதாக நினைத்துவிடாதீர்கள். முப்பது வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவள் நான். "சில வீடுகளில் மட்டும் ஏன் தங்கிவிடுகிறது" என்று தானாகக் கேட்கிற பிள்ளை ஒரு வகுப்புக்கு ஒருவர்கூட அமைவதில்லை. அந்தக் கேள்வியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் ஏழையா, இல்லையா?

தமிழ்நாட்டில் ஏழைகள் 2 சதவீதம்தான் என்று வகுப்பில் சொன்னபோது, "அப்படியானால் நாங்கள் யார்" என்று கேட்க நினைத்துக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருக்க வேண்டும். ஆசிரியர் சொன்னதும் சரி, உங்களுக்கு உறுத்தியதும் சரி.

அந்த எண், மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் குறியீட்டிலிருந்து வருவது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 2.20 சதவீதம், நாடு முழுவதும் 14.96. இந்தக் குறியீடு வருமானத்தைக் கேட்பதே இல்லை. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்ற மூன்று தலைப்பில் 12 விஷயங்களைப் பார்க்கிறது: சத்துணவு, குழந்தை இறப்பு, பேறுகால கவனிப்பு, பள்ளிப் படிப்பு, பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, பொருட்கள், வங்கிக் கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. இல்லாமையின் எடை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால்தான் அந்த வீடு ஏழை வீடு.

உங்கள் வீட்டை இதில் வைத்துப் பாருங்கள். காஸ் அடுப்பு இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, டி.வி. இருக்கிறது. அம்மாவின் உரிமைத் தொகை, உங்களுக்கு வந்த புதுமைப்பெண் திட்டப் பணம் எல்லாம் வங்கிக் கணக்கில்தான் விழுந்தன. நீங்கள் ஒருவர் பட்டம் வாங்கியதாலேயே பள்ளிப் படிப்பு என்ற கட்டத்தில் மொத்த வீடும் தேறிவிடுகிறது. ஆக, உங்கள் வீடு ஏழை வீடில்லை. ஆனால் அந்த 12-ல் கடன் இல்லை. அப்பா பூக்கடையில் வாங்கிய முன்பணத்துக்கு அங்கே கட்டமே கிடையாது. உங்களுக்கு உறுத்தியது அந்த இல்லாத கட்டம்தான்.

செலவைக் கொண்டு அளந்தால் வேறு எண் வரும். வறுமைக் கோட்டை வரையறுக்க மத்திய அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12ல் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 880 ரூபாய்தான் கோடு. அதற்குக் கீழே செலவு செய்தவர்தான் ஏழை. அப்படிப் பார்த்ததில் கிராமமும் நகரமும் சேர்த்து மாநிலத்தில் 11.28 சதவீதம். இந்தியா முழுக்க அதே ஆண்டுக்கு டெண்டுல்கர் முறை 21.9 சதவீதம் என்றது. பிறகு வந்த ரங்கராஜன் குழு 29.5 என்றது. அவ்வளவு கோடி மக்கள் ஒரு ராத்திரியில் ஏழையாகிவிடவில்லை, கோடுதான் நகர்ந்தது. உலக வங்கியும் 2025 ஜூனில் தன் கோட்டை நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலருக்கு மாற்றியது. யார், எதற்காக, எந்த இடத்தில் கோடு போடுகிறார்கள் என்பதே இந்தத் துறையில் பெரிய பாடம். ரேஷனும் உதவித்தொகையும் யாருக்கு என்பதை இப்படிப்பட்ட கோடுகள்தான் பல இடங்களில் தீர்மானித்திருக்கின்றன.

பூக்கடை முன்பணம்

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், நீங்கள் முக்கியமில்லை என்று நினைத்துப் போகிற போக்கில் எழுதிய ஒரு பத்தி. கடைக்காரர் முன்பணத்துக்கு வட்டி வாங்குவதில்லை. ஆனால் பூவை அவருக்குத்தான் போட வேண்டும். நூற்றுக்குப் பத்து கமிஷன். முகூர்த்த நாளில் பக்கத்துக் கடையில் கிலோவுக்கு இருநூறு கூடப் போனாலும் மாற்றிப் போட முடியாது. "வட்டி இல்லாத கடன்தானே, நல்லவர்தான்" என்று முடித்திருக்கிறீர்கள்.

வட்டி இருக்கிறது. பக்கத்துக் கடையில் கிடைத்திருக்கக்கூடிய அந்த இருநூறுதான் வட்டி. கடன் சந்தையும் சரக்குச் சந்தையும் ஒரே ஆளின் கையில் இப்படிப் பின்னிக் கிடப்பதை எங்கள் பாடத்தில் பிணைந்த சந்தைகள் என்போம். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுகிறவரின் கடனும் நிலமும் ஒரே நிலக்காரரிடம் மாட்டிக்கொள்வதைப் பற்றி அமித் பாதுரி 1973ல் எழுதினார். அதன் பிறகு பிரணாப் பரதனும் அசோக் ருத்ராவும் கிராமம் கிராமமாகக் கேட்டு, இந்தப் பிணைப்பு எவ்வளவு பரவலானது என்று எழுதினார்கள். உலகம் முழுக்க வளர்ச்சிப் பொருளாதார வகுப்புகளில் இன்றும் படிக்கிற விஷயம் இது. அவர்கள் அங்கே பார்த்ததை நீங்கள் மல்லிகைக்குப் பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள்.

அதற்காகக் கடைக்காரர் கெட்டவர் என்று உடனே எழுதிவிடவும் முடியாது. அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறியபோது ராத்திரி பதினொரு மணிக்குப் பணம் கொடுத்தவர் அவர்தான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்த வங்கி அந்த நேரத்தில் கொடுக்கும்? மார்கழிப் பனியில் பூ வராத மாதங்களில் வீட்டை ஓட்டுவதும் அந்த முன்பணம்தான். ஆக அது சுரண்டலா, காப்பீடா? எவ்வளவு இது, எவ்வளவு அது? இதற்குப் பதில் சொல்ல, கடைச் சீட்டுகள் வேண்டும். எடை, விலை, கமிஷன், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும்.

இங்கே உங்களை ஓர் இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. "எங்கள் ஊரில் எல்லாரும் எங்களைப் போலத்தான்" என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில், அம்மாவோடு பூப்பறிக்கக் காலனியிலிருந்து இரண்டு அக்காக்கள் வருவதாகச் சொல்கிறீர்கள். அவர்களுக்கு 60 சென்ட் இல்லை. கிலோ கணக்கில் கூலி. பூ விலை ஏறும் நாளில் அந்தக் கூலி ஏறுகிறதா? பூ இல்லாத மாதத்தில் அவர்களுக்கு யார் முன்பணம் கொடுக்கிறார்கள்? உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நானும் உங்கள் வயதில் இப்படித்தான் இருந்தேன். எங்கள் வீட்டுக் கஷ்டமே ஊர்க் கஷ்டம் என்று நம்பியிருந்தேன். ஒரு வீட்டில் வாழ்ந்ததால் அந்த வீட்டைத் தெரியும். ஊரைத் தெரிந்துகொள்ள, கதவு கதவாகப் போய் ஒரே கேள்வியை எல்லாரிடமும் கேட்க வேண்டும்.

இதற்கு நம் மண்ணிலேயே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதில் முக்கியமான ஐந்து கிராமங்களில் ஒன்று வடமலைபுரம். அன்று ராமநாதபுரம் மாவட்டம். இன்று விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிப் பக்கம். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மறுபடியும் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தார்கள். அதன் பிறகும் பலர் போனார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தாண்டித் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான், யார் ஏறினார், யார் இறங்கினார் என்று நமக்குத் தெரிகிறது. அந்த வேலையைச் செய்தவர்கள் இங்கே உட்கார்ந்துதான் தொடங்கினார்கள். இங்கே படித்தால் யார் மதிப்பார்கள் என்று இனிக் கேட்காதீர்கள்.

கணக்கு விஷயம்

வளர்ச்சி ஆய்வும் வளர்ச்சிப் பொருளாதாரமும் ஒன்றில்லை. இதை ஏஜென்ட் சொல்லவில்லை என்று தெரிகிறது. முன்னது அரசியல், சமூகவியல், மானுடவியல், பொருளாதாரம் எல்லாம் கலந்தது, கணக்கு குறைவு. பின்னதற்கு நுண்கணிதம், அணிகள் (மேட்ரிக்ஸ்), நிகழ்தகவு, புள்ளியியல் நன்றாக வேண்டும். இரண்டும் மதிப்பான படிப்புதான். ஆனால் உங்கள் கேள்வி இரண்டாவதன் பக்கம் இருக்கிறது. பிடித்தத்தில் எவ்வளவு வட்டி ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதார அளவியல்) இவற்றில் ஒன்றில் முதுகலை இருக்க வேண்டும். வளர்ச்சி ஆய்வு பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. 35 லட்சம் செலவு செய்து வந்தபின் இது தெரிந்தால் எப்படி இருக்கும்?

கணக்கு வராது என்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு எடுக்காததற்கும் கணக்கு வராததற்கும் வித்தியாசம் இருக்கிறது. முன்பணம், கமிஷன், எடைக்குறைவு என்று வீட்டில் யார் கணக்குப் பார்க்கிறார் என்ற இடத்தில், "நான்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் புத்தகங்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசம். அதில் வகையீடும் தொகையீடும் அணிகளும் நிகழ்தகவும் இருக்கின்றன. தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் எட்டு மாதத்தில் முடிக்கலாம். என் மாணவிகள் சிலர் இப்படித்தான் முடித்தார்கள். அப்புறம் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் புள்ளியியல் பாடங்கள் இருக்கின்றன. புள்ளியியல் கணக்குப் போட உதவும் ஆர் என்ற மென்பொருள் இலவசம். அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளின் வீடுவாரியான தரவையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2022-23 கணக்கெடுப்பில் இந்தியக் கிராமத்துச் சராசரி மாதச் செலவு ஒருவருக்கு 3,773 ரூபாய். உங்கள் வீட்டுச் செலவை ஐந்தால் வகுத்து, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பயிற்சி அதுவாக இருக்கட்டும்.

35 லட்சம் என்றால் மாதம் எவ்வளவு

35 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் ஓராண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருஷ வட்டி மட்டும் சுமார் 7.7 லட்சம். அதையும் அசலோடு சேர்த்துப் பத்து வருஷத்தில் அடைக்க வேண்டுமென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 58,800 ரூபாய். உங்களுக்கு 33 வயது ஆகும்வரை. கட்டணம் கட்டும் முன் ரூபாய் மதிப்பு இறங்கினால், வாங்க வேண்டிய கடனே இன்னும் கூடும்.

பிரிட்டனில் நல்ல வேலை கிடைத்தால் இதைக் கட்டிவிடலாம், உண்மைதான். ஆனால் படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேடும் கால அளவை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிற முதுகலை மாணவர்களுக்கு இரண்டு வருஷத்திலிருந்து 18 மாதமாக அந்த அரசு குறைக்கிறது. ஐ.நா. அமைப்புகளில் நிரந்தர வேலைகளுக்குப் பெரும்பாலும் சில வருஷக் கள அனுபவம் கேட்பார்கள். பட்டம் வாங்கின கையோடு அங்கே போய் உட்கார முடியாது. ஊருக்குத் திரும்பி ஒரு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தால், ஆரம்பச் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட வாய்ப்பே இல்லை.

பிணை விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். வங்கி தன் கடனை வழக்குப் போட்டுக் காத்திருக்காமல் வசூலிக்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் கல்விக் கடனுக்குத் தோட்டத்தைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள், வீட்டைத்தான் கேட்பார்கள். வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தும். தவணை தவறி, கணக்கு வாராக்கடனாகி, 60 நாள் நோட்டீஸும் முடிந்தால் வீடு ஏலத்துக்கு வரலாம். அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் முழுக் கடனுக்கும் அவரும் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு அப்பத்தா பேரில் இருக்கிறது. அவர் விரும்பிக் கையெழுத்துப் போடாமல் எதுவும் நடக்காது. அப்பா சம்மதித்தார், சித்தப்பா எதிர்த்தார், அம்மா பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பத்தாவிடம் யாரும் கேட்டதாக நாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு என்று பல இடங்களில் ஒரே கேள்வியோடு போனார்: இந்த ஊரில் எந்த வீடு ஏழ்மையிலிருந்து ஏறியது, எந்த வீடு அதற்குள் விழுந்தது? ஏறுகிற வீடுகள் இருந்த அதே ஊர்களில் விழுகிற வீடுகளும் இருந்தன. விழுந்ததற்குச் சொன்ன காரணங்களில் மருத்துவச் செலவு முன்னால் நின்றது. கல்யாணம், கருமாதிச் செலவு, அதிக வட்டிக் கடன் எல்லாம் பல இடங்களில் அதோடு சேர்ந்துகொண்டன. நிலம் போன வீட்டுக்கு அடுத்த அடி விழும்போது தாங்குவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. உங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல் இருக்கிறது. 60 சென்ட்டை விற்றுவிட்டால் அடுத்த முறை ராத்திரி பதினொரு மணிக்கு எந்தப் பூக்கடை முன்பணம் தரும்? நீங்கள் படிக்கப் போவதாகச் சொல்கிற விஷயமே இதுதான். அதனால்தான் இதில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெளிநாடே போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். கடனில்லாமல் போங்கள். பிரிட்டனில் முதுகலை படிக்கக் காமன்வெல்த் ஷேர்டு ஸ்காலர்ஷிப் இருக்கிறது. சொந்தச் செலவில் படிக்க முடியாதவர்களுக்காகவே வைத்தது, கட்டணம், விமானச் செலவு, மாதச் செலவு எல்லாம் தருவார்கள். பிரிட்டன் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் போன்ற பிரிவுகளுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. உங்கள் சாதிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் போட்டி கடுமை. இரண்டு, மூன்று வருஷக் கள வேலையும் ஒரு நல்ல முதுகலையும் கையில் இருந்தால், உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளுவது கஷ்டம்.

பக்கத்தில் என்னவெல்லாம் இருக்கிறது

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் நகரத்தின் பழைய கல்லூரிகள் சிலவற்றிலும் எம்.ஏ. பொருளாதாரம் இருக்கிறது. சின்னாளப்பட்டிப் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம். அங்கே மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்புவது பாடத்தின் ஒரு பகுதி. உசிலம்பட்டியிலிருந்து எங்கே போனாலும் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம்.

இன்னும் பெரிய இடத்துக்கு ஆசைப்படுங்கள் என்றுதான் சொல்வேன். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், திருவனந்தபுரத்தில் சி.டி.எஸ். என்கிற வளர்ச்சி ஆய்வு மையம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், மும்பையில் ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். வளர்ச்சி ஆய்வே வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.ஏ. இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அளவைப் பொருளாதார முதுகலைக்குக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் நுழைவுத் தேர்வில் கணக்கு கடினம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழக்கமாக மார்ச் மாதத்தை ஒட்டி நடக்கும். நான் சொன்ன எட்டு மாதக் கணக்குப் பயிற்சி அதற்குச் சரியாகப் பொருந்தும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 1997ல் தொடங்கிய தானம் அறக்கட்டளையின் தலைமையகம் நம் மதுரையில்தான். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களை அறிந்திருப்பீர்கள், அவர்களுடையதுதான். 2019ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் தொடங்கிய, வறுமைத் திட்டங்களைச் சோதித்துப் பார்க்கிற ஜே-பால் ஆய்வகத்துக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு, தமிழக அரசோடும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்கிற வேலைக்குத் தமிழ் தெரிந்த, கிராமத்தில் பேசத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு மூதாட்டியிடம் "கடன் எவ்வளவு" என்று நேரே கேட்டால் பதில் வராது, எங்கிருந்து சுற்றி வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதை எந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராது.

வறுமையைக் குறைக்கும் திட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. ஒரு பள்ளியில் வருகை கூடியிருந்தால், அது உப்புமாவாலா, புதிதாக வந்த ஆசிரியராலா, அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து பெற்றோர் வெளியூர் போகாததாலா? இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் துறையில் பஞ்சம்.

சித்தப்பாவும் அப்பாவும்

சித்தப்பாவோடு சண்டை வேண்டாம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் பொருளாதார ஆசிரியராக எம்.ஏ.வும் வேண்டும், பி.எட்.டும் வேண்டும், ஆகவே எம்.ஏ. படிப்பது அவர் சொல்கிற வழியை அடைத்துவிடாது. குரூப் ஃபோருக்குப் பத்தாம் வகுப்பே தகுதி, எம்.ஏ. படித்துக்கொண்டே எழுதலாம். இதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு வந்தால், 21 வயதில் முடிவு உங்களுடையது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், தனியாகப் பூப்பறிக்கிற நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.

அப்பா தோட்டத்தை விற்கத் துணிந்தது உங்கள் மேல் உள்ள பாசத்தால். "வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால், மகள் ஆசையை விட்டுவிட்டாளோ என்று வருத்தப்படுவார். அதனால் மேலே உள்ள தவணைக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். பக்கத்திலேயே உள்ளூர்ப் படிப்பின் செலவையும் எழுதுங்கள். மண்டிக்குப் பூப் போட்டுப் பழகிய மனுஷன், சீக்கிரம் புரிந்துகொள்வார்.

கடைசியாக ஒரு வேலை. அந்தக் கமிஷன் கடைச் சீட்டுகளை அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வருஷத்துச் சீட்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். முன்பணம் வாங்காத பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடமும் அதே வருஷத்துச் சீட்டுகள் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டும் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், முதல் அட்டவணையை நாம் சேர்ந்தே போடலாம்.